கேட்கிற கை, கொடுக்கிற கை: அண்டை நாட்டின் உதவிக் கணக்கை எழுதிப் படிப்பது எப்படி

2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகள் இரண்டு செய்தித் துணுக்குகளை வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு துணுக்கு, ஜோர்டான் வழியாக சிரியாவுக்கு எரிவாயு போகத் தொடங்கியதைச் சொன்னது. இன்னொன்று, அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததால் ஜோர்டானில் திட்டங்கள் முடங்கியதைச் சொன்னது.

"மாமா, நீங்க அங்கதான இருந்தீங்க. இவங்க குடுக்கறவங்களா, கேக்கறவங்களா?"

"ரெண்டும்தான் கண்ணு. போய் ஒரு நீள நோட்டு வாங்கிட்டு வா."

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் கணக்கெழுதிப் பழகிய நான், 2002 முதல் 2018 வரை வடக்கு ஜோர்டானில், இர்பித் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள அல் ஹசன் தொழிற்பேட்டையில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்தேன். அங்கிருந்து சிரிய எல்லை கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் தரா நகரில் குண்டு விழுந்த இரவுகளில் எங்கள் அறை ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தப் பதினாறு வருடங்களில் ஜோர்டான் இரண்டு அண்டை வீட்டுப் போர்களைத் தாங்கியது. 2003-ல் ஈராக், 2011-லிருந்து சிரியா. இரண்டு முறையும் ஒரு கையால் உலகத்திடம் கேட்டது, மறு கையால் பக்கத்து நாட்டைத் தாங்கிப் பிடித்தது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று தள்ளுகிறவர்களையும், தியாகம் என்று கொண்டாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு தரப்பாரும் கணக்கை எழுதிப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். எழுதும் முறையை இங்கே சொல்கிறேன். ஜோர்டானை வைத்துச் சொன்னாலும் எந்த நாட்டுக்கும் இது பொருந்தும்.

நோட்டைப் பிரிப்பது

இடப்பக்கத் தலைப்பில் "வந்தது", வலப்பக்கத் தலைப்பில் "போனது" என்று எழுதுங்கள். கடைசி இருபது பக்கங்களை ஒதுக்கி, அவற்றுக்கு "யார் தலையில் விழுந்தது" என்று பெயர் வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஆறு கட்டம் வேண்டும்: தேதி, சொன்னது யார், தொகை, எந்த வடிவம், எத்தனை வருடத்துக்கு, வந்து சேர்ந்ததா. ஆறாவது கட்டத்தைப் பெரும்பாலும் முதல் நாளே நிரப்ப முடியாது. அதைக் காலியாக விட்டுவைக்கும் பொறுமைதான் இந்த வேலையில் பாதி.

நாணயத்தின் பெயரைத் தொகையோடு சேர்த்தே எழுதுங்கள். டாலர், யூரோ, தினார் மூன்றும் ஒரே செய்தியில் வரும். ஜோர்டான் தினார் டாலரோடு கட்டிவைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 0.71 தினார். "நூறு கோடி" என்று மட்டும் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து எந்த நாணயம் என்று தெரியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

போருக்கு முந்தின நாளிலிருந்து தொடங்குங்கள்

பலர் கணக்கைப் போர் தொடங்கிய நாளில் ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. போருக்கு முந்தின நாள் அந்த நாட்டுக்கு அண்டை வீட்டிலிருந்து என்ன வந்துகொண்டிருந்தது என்பதுதான் முதல் பதிவாக இருக்க வேண்டும்.

சதாம் உசேன் ஆட்சியின் கடைசி வருடங்களில் ஜோர்டானுக்குத் தேவையான எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் ஈராக்கிலிருந்து டேங்கர் லாரிகளில் பாலைவனச் சாலை வழியாக வந்தது. ஒரு பங்கு இலவசம், மீதி சலுகை விலை. 2003 மார்ச்சில் போர் தொடங்கியதும் அது நின்றது. சவுதி அரேபியா, குவைத், ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் கொஞ்ச காலம் எண்ணெய் கொடுத்தன. அந்தக் கொடையும் 2005-ல் வற்றியது. அந்த வருடம் பெட்ரோல், டீசல் விலையை அரசு உயர்த்தியபோது எங்கள் தொழிற்சாலைப் பேருந்துக்காரர் வாடகையை ஏற்றிக் கேட்டு என் மேசை முன்னால் வந்து நின்றார். அன்றுதான் ஈராக் எண்ணெய்க்கும் எங்கள் செலவுச் சீட்டுக்கும் உள்ள தொடர்பு எனக்கு உறைத்தது.

இந்த இழப்பை எழுதிவிட்டு, அடுத்த வரியில் 2003-ல் அமெரிக்கா போர்க்கால அவசர ஒதுக்கீட்டில் ஜோர்டானுக்குக் கொடுத்த 70 கோடி டாலர் பொருளாதார உதவியை எழுதிப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் பெரிய பரிசு போலத் தெரிகிற தொகை, வாய்க்கால் அடைபட்டவனுக்குக் கொடுத்த குடத் தண்ணீர் போலத் தெரியும். அதே சட்டத்தில் ராணுவ உதவியாக இன்னொரு 40 கோடி டாலர் சொச்சமும் இருந்தது. அதை வேறு வரியில் எழுதுங்கள். ராணுவக் கணக்கில் வந்த பணத்தைக் கொண்டு யாருக்கும் மண்ணெண்ணெய் விலையைக் குறைக்க முடியாது.

சொன்னது, எழுதியது, கொடுத்தது

இது எல்லாவற்றையும்விட முக்கியம், அதனால் சற்று நின்று சொல்கிறேன்.

வங்கிக் கடன் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். மேலாளர் வாயால் சொல்வது ஒன்று, சாங்ஷன் கடிதம் வருவது ஒன்று, கணக்கில் பணம் விழுவது ஒன்று. நாடுகளுக்கும் அதே மூன்று படிதான்: வாக்குறுதி, ஒப்பந்தம், பட்டுவாடா. மாநாடு முடிந்த மாலையில் அறிவிக்கப்படுவது முதல் படி மட்டுமே.

2003 அக்டோபரில் மாட்ரிட் நகரில் ஈராக் மறுசீரமைப்புக்கான கொடையாளர் மாநாடு நடந்தது. தேவை என்று மதிப்பிடப்பட்டது சுமார் 5,500 கோடி டாலர். வாக்களிக்கப்பட்டது ஏறத்தாழ 3,300 கோடி. அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவின் பங்கு. அடுத்த பெரிய வாக்கு ஜப்பானுடையது, 500 கோடி. அதற்குள் நுழைந்து பார்த்தால் 150 கோடிதான் மானியம், மீதி 350 கோடி கடன். நோட்டில் இதை ஒரே வரியில் எழுதினால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

ஆகவே "எந்த வடிவம்" என்ற கட்டத்தில் மானியம், சலுகைக் கடன், உத்தரவாதம், வைப்புத்தொகை, பொருளாகக் கொடுத்தது, கடன் தள்ளுபடி என்று பிரித்தே எழுதுங்கள். வைப்புத்தொகை எப்படி உதவியாகும் என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. 2018 ஜூனில் வரிச் சட்டத்தை எதிர்த்து ஜோர்டான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், பிரதமர் ஹானி முல்கி பதவி விலகினார். உடனே மெக்காவில் சவுதி, குவைத், அமீரகம் மூன்றும் கூடி 250 கோடி டாலர் தொகுப்பு ஒன்றை அறிவித்தன. அதற்குள் நான்கு பொருள் இருந்தன: ஜோர்டான் மத்திய வங்கியில் வைப்பு, உலக வங்கிக் கடனுக்கு உத்தரவாதம், ஐந்து வருடங்களுக்கு பட்ஜெட் ஆதரவு, வளர்ச்சித் திட்டங்களுக்கு நிதி. வைப்பு என்றால், போட்டவர் ஒருநாள் எடுத்துக்கொள்வார். உத்தரவாதத்தில் பணம் கைமாறுவதே இல்லை. இரண்டும் பயனுள்ளவைதான், நாணயத்தின் மதிப்பைக் காக்கும், வட்டியைக் குறைக்கும். ஆனால் அவற்றைக் கொண்டு ஆசிரியருக்குச் சம்பளம் போட முடியாது. எந்தத் தொகையைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதை எடுத்து இந்த மாதம் ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாமா?

அண்மை உதாரணம் ஒன்று. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ஜோர்டானுக்கு 300 கோடி யூரோ அறிவித்தது. மானியம் 64 கோடி. 100 கோடி கடன் வடிவிலான நிதியுதவி. 140 கோடி, வரவழைக்க நினைக்கும் முதலீடு. மூன்று வருடத்துக்கு. அப்படியானால் ஒரு வருடத்துக்கு மானியமாகக் கிடைப்பது 22 கோடி யூரோவுக்கும் குறைவு. தலைப்புச் செய்தியை இப்படி வகுத்துப் பார்க்க நான்கு நிமிடம் போதும்.

ஒரே தொகை வருடா வருடம் புதிதாகப் பிறப்பதையும் கவனியுங்கள். 2022 செப்டம்பரில் அமெரிக்காவும் ஜோர்டானும் ஏழு வருட ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டன. வருடத்துக்கு 145 கோடி டாலர், மொத்தம் 1,015 கோடி. முதல் வருடம் முழுத்தொகையும் செய்தி, பிறகு ஒவ்வொரு வருடப் பங்கும் தனிச் செய்தி. கூட்டிக்கொண்டே போனால் இரட்டைக் கணக்காகிவிடும். அதோடு, அப்படி எழுதி வைத்த பணத்தையும் அமெரிக்க நாடாளுமன்றம் வருடந்தோறும் ஒதுக்க வேண்டும். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டபோது ஜோர்டானில் நடந்துகொண்டிருந்த வேலைகளும் தடைப்பட்டன. ஆறாவது கட்டத்தை ஏன் காலியாக விடச் சொன்னேன் என்பது இப்போது விளங்கும்.

"போனது" பக்கத்தில் என்ன எழுதுவது

அண்டை நாட்டுக்கு உதவும் ஏழை நாடு பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுக்காது. இடம் கொடுக்கும், வழி கொடுக்கும், துறைமுகம் கொடுக்கும். இதை எழுத நம் கணக்குப் புத்தகங்களில் பழக்கமே இல்லை. அதனால் வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும், "இவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுவோம்.

2003 கடைசியில் அம்மானுக்கு வெளியே, முவக்கர் பகுதியில், சர்வதேசக் காவல் பயிற்சி மையம் தொடங்கியது. ஈராக்கின் புதிய காவல்துறைக்குப் பல்லாயிரம் பேர் அங்கே பயிற்சி பெற்றுப் போனார்கள். செலவு பெரும்பாலும் அமெரிக்காவினுடையது, மண் ஜோர்டானுடையது. நோட்டில் "இடம்: ஜோர்டான், பணம்: அமெரிக்கா" என்று எழுதினேன். அந்த இடத்துக்கு விலை இல்லையா? 2003 ஆகஸ்ட் 7 அன்று பாக்தாதில் ஜோர்டான் தூதரகத்தின் வாசலில் குண்டு வெடித்தது. 2005 நவம்பர் 9 அன்று அம்மானில் ஒரே இரவில் மூன்று ஹோட்டல்களில் தற்கொலைக் குண்டுகள். ஈராக்கிலிருந்து வந்தவர்கள் செய்தது. ஒரு கல்யாண விருந்துக்குள் குண்டு வெடித்தது. மறுநாள் எங்கள் தொழிற்சாலையில் வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை. வழி கொடுப்பவர்கள் இப்படியும் விலை கொடுக்கிறார்கள். "போனது" பக்கத்தில் தொகை இல்லாத வரிகளுக்கும் இடம் வையுங்கள்.

அதே சமயம் வழி கொடுப்பதில் வருமானமும் உண்டு. ஈராக்குக்குப் போன சரக்கில் ஒரு பங்கு அகபா துறைமுகத்தில் இறங்கி, ஜோர்டான் லாரிகளில் கராமா எல்லை தாண்டியது. அம்மான் வங்கிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நல்ல காலம். மறைக்காமல் அதை இடப்பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்து வீடு எழும்பினால் தன் கடைக்கும் வியாபாரம் வரும் என்று ஒரு நாடு நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிரிய எல்லையை ஒட்டிய ராம்தா ஊரில் எல்லை தாண்டிச் சரக்கு கொண்டுவரும் ஓட்டுநர்களைப் "பஹ்ஹாரா" என்பார்கள், கடலோடிகள் என்று பொருள். சிரியா எல்லை மூடியபோது அந்த ஊரே தரை தட்டிய படகு போல ஆனது. 2018 அக்டோபரில் சிரியாவுக்குப் போகும் நசீப் எல்லைச் சாவடி திரும்பத் திறந்தபோது நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ராம்தா நண்பர் ஒருவர் சிரிய ஆலிவ் எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா மகள் கொண்டுவந்த எரிவாயுச் செய்தியும் இந்த வகைதான். பணம் கத்தாருடையது. எரிவாயு அகபாவுக்கு வந்து, குழாய் வழியாக சிரியாவின் தேர் அலி மின்நிலையத்துக்கு அந்த மார்ச்சில் போகத் தொடங்கியது. 400 மெகாவாட் மின்சாரத்துக்கான அளவு. 22 வருடம் கழித்தும் ஜோர்டான் கொடுப்பது அதேதான்: வழி.

தலையெண்ணிக்கை

உதவி கேட்கும் மனுவில் முதலில் வருவது அகதிகளின் எண்ணிக்கை. அதைச் சொன்னது யார், எப்படி எண்ணினார்கள் என்று எழுதாமல் விடாதீர்கள். 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜோர்டானில் சிரியர்கள் ஏறத்தாழ 12.7 லட்சம். அதே காலத்தில் ஐ.நா. அகதிகள் முகமையில் பதிந்தவர்கள் ஆறரை லட்சத்தை ஒட்டி. ஒருவரும் பொய் சொல்லவில்லை. போருக்கு முன்பே வந்து வேலை செய்தவர்கள், பதியாதவர்கள் என்று வேறுபாடு உண்டு. ஈராக்கியர் விஷயத்திலும் அப்படித்தான். 2007-ல் நார்வேயின் ஃபாஃபோ ஆய்வு நிறுவனம் நான்கரை லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் என்று கணித்தது. அரசு அதற்கு முன் பேசிய எண் அதைவிடப் பெரிது. இரண்டு எண்ணையும் எழுதுங்கள், சராசரி போடாதீர்கள்.

பழி எல்லாம் அண்டை வீட்டின் மேலா?

"பக்கத்து நாட்டுப் போரால்தான் எங்களுக்குக் கடன்" என்று ஒரு அரசு சொன்னால், அனுதாபத்தோடு கேளுங்கள், ஆனால் மற்ற காரணங்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 2011-லிருந்து எகிப்தின் சினாய் பகுதியில் எரிவாயுக் குழாய் திரும்பத் திரும்பத் தகர்க்கப்பட்டது. மலிவான எகிப்திய எரிவாயு நின்றதும் ஜோர்டான் மின்வாரியம் விலையுயர்ந்த எண்ணெயை எரித்துக் கடனில் மூழ்கியது. அது சிரியப் போரின் அதே காலம், ஆனால் சிரியப் போரால் வந்ததன்று. 2012 ஆகஸ்டில் சர்வதேச நாணய நிதியத்திடம் 200 கோடி டாலர் கடன் ஏற்பாடு, நவம்பரில் எரிபொருள் மானியம் ரத்து, தெருவெல்லாம் போராட்டம். அதற்கான காரணங்களில் அகதிகள் ஒன்று, குழாய் ஒன்று. இதைப் பிரித்து எழுதாவிட்டால், கடைசியில் பழி முழுவதும் கூடாரத்தில் இருக்கிற அகதிக் குடும்பத்தின் மேல் விழும். அந்த அநியாயத்துக்கு நம் நோட்டு துணைபோகக் கூடாது.

அலகைப் பாருங்கள்

2016 பிப்ரவரியில் சிரியாவுக்கு உதவ நடந்த லண்டன் மாநாட்டில் "ஜோர்டான் ஒப்பந்தம்" உருவானது. ஜோர்டான் சிரியர்களுக்கு வேலை வாய்ப்பைத் திறந்துவிடும், இலக்கு 2 லட்சம். பதிலுக்கு மானியம், சலுகைக் கடன், ஐரோப்பியச் சந்தையில் எளிய நுழைவு. அகதிகளை வைத்திருக்கிற நாட்டுக்கு வியாபார வாசலைத் திறப்பது நல்ல யோசனை என்று அன்று நான் மனதார நம்பினேன்.

ஐரோப்பாவுக்குச் சலுகையில் ஏற்றுமதி செய்ய, குறிப்பிட்ட தொழில் மண்டலங்களில் இருக்க வேண்டும், பணியாளரில் 15 விழுக்காடு சிரியராக இருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலைக்கும் ஆள் தேடினோம். எங்களிடம் தைத்தவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷ், இலங்கை, இந்தியாவிலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள். வாங்குபவர்களோ அமெரிக்கக் கடைகள். சிரியப் பெண்கள் வந்து பார்த்தார்கள். குழந்தையை யாரிடம் விடுவது, ஸாத்தரி அகதி முகாமிலிருந்து பேருந்தில் வந்துபோக எத்தனை மணி நேரம், வேலை கிடைத்தால் உதவித்தொகை நின்றுவிடுமா என்று கேட்டார்கள். ஒன்றுக்கும் எங்களிடம் நல்ல பதில் இல்லை. பலர் திரும்பிப் போனார்கள். அந்தச் சலுகையைப் பயன்படுத்தி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2018 கடைசியில் விதிகளைத் தளர்த்தினார்கள்.

வேலை அனுமதி எண்ணிக்கையிலும் ஒரு பாடம் உண்டு. கொடுத்த அனுமதிச் சீட்டுகளை எண்ணினார்கள். ஒருவரே புதுப்பித்தால் அதுவும் இன்னொரு சீட்டு. சீட்டு எத்தனை, ஆள் எத்தனை என்பது வேறு வேறு. கிலோமீட்டர் சாலையா, சாலைக்கான டெண்டரா? பள்ளிக்கூடமா, பள்ளிக்கூடத்துக்கான வரைபடமா? எண்ணுக்குப் பின்னால் வரும் சொல்லை வட்டம் போடுங்கள்.

ஒரு தொகை, இரண்டு வீடு

மாநாட்டுத் தொகை சில நேரம் போர் நடந்த நாட்டுக்கும் அண்டை நாடுகளுக்கும் சேர்த்தே அறிவிக்கப்படும். 2025 மார்ச் 17 அன்று சிரியாவுக்காக நடந்த பிரஸ்ஸல்ஸ் கொடையாளர் மாநாட்டில் 580 கோடி யூரோ: 420 கோடி மானியம், 160 கோடி கடன். இது சிரியாவுக்கு மட்டுமானதன்று, ஜோர்டான், லெபனான், துருக்கி, ஈராக் நாடுகளில் இருக்கிற சிரியர்களுக்கும் அவர்களை ஏற்ற ஊர்களுக்கும் சேர்த்து. சிரியாவில் இடிந்ததைக் கட்ட 21,600 கோடி டாலர் வேண்டும் என்று அதே வருடம் உலக வங்கி மதிப்பிட்டது. இரண்டு எண்ணையும் அடுத்தடுத்த வரியில் எழுதினால், அண்டை நாடு ஏன் குரலை உயர்த்துகிறது என்று தெரியும். உலகத்தின் கவனம் மறுசீரமைப்பின் பக்கம் திரும்பும்போது, அகதிகளை இன்னும் வைத்திருக்கிற வீட்டை மறந்துவிடுவார்களோ என்ற பயம் அது. எனக்கு அந்தப் பயம் நியாயமாகவே படுகிறது.

சரிபார்க்க, ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் நடத்தும் நிதிக் கண்காணிப்புத் தளம், சர்வதேச நாணய நிதியத்தின் மறுஆய்வு அறிக்கைகள், ஜோர்டான் திட்ட அமைச்சகத்தின் சிரிய நெருக்கடிக்கான திட்ட அறிக்கை, இவை மூன்றும் பொதுவில் கிடைக்கும். கொடுத்தவர் சொன்னதையும் வாங்கியவர் சொன்னதையும் இரண்டு ஆவணத்தில் பார்த்த பிறகே ஆறாவது கட்டத்தில் "வந்தது" என்று எழுதுங்கள்.

கடைசி இருபது பக்கம்

இதில் தொகைகள் சிறியவை. நான் எழுதியவற்றில் சில: இர்பித்தில் எனக்கு இரண்டு அறை வீடு 2010-ல் மாதம் 120 தினார், 2014-ல் 230. வீட்டுக்காரர் கூச்சத்தோடு கேட்டார், அவர் மகனுக்குக் கல்யாணத்துக்கு வீடு கிடைக்காத காலம் அது. மாடித் தொட்டியில் வாரத்துக்கு ஒருமுறை ஏறிய தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறையானது, இடையில் டேங்கர் வாங்கினோம். தெருமுனைப் பள்ளியில் காலையில் ஜோர்டான் பிள்ளைகள், மதியத்துக்குப் பின் சிரியப் பிள்ளைகள். நாடு முழுக்க இப்படி ஏறத்தாழ 200 பள்ளிகள் இரண்டு ஷிஃப்ட் ஓடின. எதிர்வீட்டு அம்மா முதல் குளிர்காலத்தில் தராவிலிருந்து வந்த குடும்பத்துக்குத் தன் மண்ணெண்ணெய் அடுப்பையே கொடுத்துவிட்டார். மூன்றாவது குளிர்காலத்தில் அதே அம்மா, இவர்கள் எப்போது போவார்கள் என்று என்னிடம் கேட்டார். இரண்டையும் எழுதினேன். இரண்டும் உண்மை.

நீங்கள் அந்த ஊரில் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கங்களை நிரப்பலாம். வாடகை, தண்ணீர், பள்ளி, ரொட்டி விலை என்று நான்கு தலைப்பு போட்டு, உள்ளூர்ச் செய்திகளிலிருந்து தேதியோடு குறித்துவாருங்கள்.

அக்கா மகள் இப்போது சிரியாவுக்கு என்று தனி நோட்டு போட்டிருக்கிறாள். முதல் பதிவு அந்த எரிவாயுதான்: கொடுத்தவர் கத்தார், வழி ஜோர்டான், அளவு 400 மெகாவாட். ஆறாவது கட்டத்தில் பேனாவால் "வந்தது" என்று எழுதப் போனாள்.

"பென்சில்ல எழுது கண்ணு" என்றேன். "டமாஸ்கஸ்ல ராத்திரி எத்தனை மணி நேரம் லைட்டு எரியுதுன்னு பாத்துட்டு அப்பறம் பேனா எடு."